செருகியின் கழுத்து: திருப்பூர் அலுவலக மேசையிலிருந்து ஒரு சிறு வரலாறு

திருப்பூரின் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் பின்னல் எந்திரங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1925-ஐ ஒட்டி எழுந்த முதல் பனியன் கம்பெனி, 1978-ஐ ஒட்டி இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற வணிகரால் திறந்த ஏற்றுமதி வாசல், பிறகு சாயப்பட்டறைகள், நொய்யலின் நிறம், 2011 ஜனவரியில் நீதிமன்ற ஆணையால் அவற்றுக்கு விழுந்த பூட்டு என்று அந்த வரலாறு நகரும். இலக்கியமும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் நடந்திருக்கிறது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ ஆற்றைப் பார்த்தது. வேறு சில கதைகள் பவர் டேபிளில் குனிந்திருக்கும் பெண்களைப் பார்த்தன. கம்பெனியின் முன்பகுதியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய குளிரூட்டப்பட்ட சிறு அறையையும், அதில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாவையும் எவரும் எழுதியதாக நம் கண்ணில் பட்டதில்லை.

அந்த அறையில்தான் ஊரின் வணிகம் எழுத்தாக மாறியது. பின்னலாடை ஏற்றுமதி துணியால் நடந்த அளவுக்குக் காகிதத்தாலும் நடந்த தொழில். நாடுகளுக்கிடையேயான ‘கோட்டா’ முறை 2004 டிசம்பர் 31 வரை உயிரோடிருந்தது. எந்த நாட்டுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்ற உரிமையே பணமாகக் கைமாறிய காலம் அது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சான்றிதழ்கள் என ஒவ்வொன்றுக்கும் பல படிகள் வேண்டும். எந்தப் பெட்டியில் எந்த நிறம், எந்த அளவில் எத்தனை உருப்படி என்பதில் ஓர் எண் பிசகினால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். இத்தனையையும் தட்டிய விரல்களுக்கும் எந்திரத்துக்கும் நடுவே இருந்தது ஒரு விசைப்பலகை. விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே இருந்தது சுண்டுவிரல் தடிமன் கூட இல்லாத ஒரு செருகி. கடைவீதியில் அதைப் ‘பின்’ என்பார்கள். ‘கீபோர்டு போச்சு’ என்று சொல்லப்பட்டவற்றில் கணிசமானவை உண்மையில் பின் போனவை, அல்லது பின்னுக்குச் சற்று மேலே ஒயரின் கழுத்து போனவை. நம் கட்டுரை அந்தக் கழுத்தைப் பற்றியது.

தட்டச்சு எந்திரத்துக்கு இந்தக் கழுத்து கிடையாது. விரல் விசையை அழுத்த, நெம்புகோல் எழுத்துத் தண்டை வீச, எழுத்து காகிதத்தில் விழும். விரலின் வலுவே அச்சின் வலு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு எந்திரம் அமைத்தபோது, புள்ளியையும் கொம்பையும் எப்படி ஏற்றுவது என்பதற்கு ‘நகரா விசை’ என்ற தீர்வைக் கண்டார். அழுத்தினாலும் வண்டி நகராது. அடுத்த எழுத்தும் அதே இடத்தில் வந்து சேரும். மிக நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் அதுவும் கண்ணுக்குத் தெரிகிற இரும்பு. பழுதானால் எந்தத் தண்டு சிக்கியது என்று மூடியைத் தூக்கிப் பார்த்துவிடலாம். தெருவுக்குத் தெரு இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் ஒரே எந்திரம் தலைமுறை தாண்டி அடி வாங்கியும் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினியில் விரல் வேறாகவும் எழுத்து வேறாகவும் பிரிந்தன. தொடக்ககால வீட்டுக் கணினிகள் பலவற்றில் விசைகள் உடலோடு ஒட்டியே இருந்தன. 1984-இல் நடுவணரசின் ‘கிளாஸ்’ திட்டம் நம் பள்ளிகளுக்குத் தந்த பிபிசி மைக்ரோவும் அப்படித்தான். 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி. விசைப்பலகையைத் தனியாகப் பிரித்துச் சுருள் ஒயரால் கட்டிவைத்தது. மடியில் வைத்துத் தட்டலாம், தள்ளி வைக்கலாம், கெட்டால் மாற்றலாம். இந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் செருகி. ஐ.பி.எம். இதற்கென்று புதிதாக ஒன்றைச் செய்யவில்லை. ஜெர்மானியத் தர நிறுவனத்தின் பெயரால் ‘டின்’ என்று அழைக்கப்பட்ட, ரேடியோவுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் பயன்பட்டுவந்த வட்டச் செருகியை எடுத்துக்கொண்டது. 13.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக வளையம், அதற்குள் அரைவட்டமாக ஐந்து ஊசிகள்.

ஐந்தில் நான்குதான் இன்றியமையாதவை. ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது, ஒன்று தரை, ஒன்று தாளம் போடுகிற கடிகாரக் கம்பி, ஒன்று செய்தியைச் சுமக்கிற கம்பி. செய்தி என்றால் எழுத்து அல்ல. விசைப்பலகைக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற ஓர் எண்ணை மட்டும் அது அனுப்புகிறது. 1984-இல் வந்த ஏ.டி. வகைக் கணினியில் ‘ஏ’ விசையை அழுத்தினால் கம்பியில் போவது 28. தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சில்லு அதை 30 என்று மாற்றிக்கொள்கிறது. அதற்கு மேலிருக்கும் மென்பொருள்தான் அந்த எண்ணுக்கு எழுத்தைச் சூட்டுகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசையமைப்பில் அந்த இடத்தில் அமர்ந்திருப்பது அகரம். ஆக, நம் முதல் எழுத்து ஒரு மெல்லிய கம்பியில் 28 என்ற எண்ணாக, பதினொரு மின்துடிப்புகளாகப் பயணம் செய்கிறது. இடையில் ஒரு துடிப்பு தவறினால் அகரம் இல்லை. (வள்ளுவர் பொறுப்பாராக.)

1987-இல் ஐ.பி.எம். தன் ‘பி.எஸ்./2’ வரிசையில் இந்த வட்டத்தைச் சுருக்கியது. விட்டம் 9.5 மில்லிமீட்டர் ஆயிற்று. ஊசிகள் ஆறாயின, அவற்றில் இரண்டு வேலையற்றவை. நம்மவர்கள் இன்றும் ‘பி.எஸ். டூ பின்’ என்று சொல்வது இதைத்தான். பழைய டின் செருகி தடித்தது, முரட்டுக் கையைத் தாங்கும். புதியதோ தலைமுடி ஊசி போன்ற ஊசிகளைக் கொண்டது. நடுவே செவ்வகமாக ஒரு பிளாஸ்டிக் முள் இருக்கிறது. அது துளையோடு ஒத்துப்போனால்தான் உள்ளே நுழையும். ஆனால் இந்தத் துளை இருப்பதோ கணினிப் பெட்டியின் முதுகில், சுவரை ஒட்டிய இருட்டில். மேசைக்கடியில் குனிந்து, பார்க்காமலே கையால் திருகித் திருகி இடம் தேடுவதுதான் வழக்கம். அப்படித் திருகும்போதுதான் ஊசி வளைகிறது. பின்னர் 1990-களின் இறுதியில் விசைப்பலகைக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் பூசினார்கள். இருட்டில் ஊதாவும் பச்சையும் ஒன்றுதான் என்பதை நிறம் பூசியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

திருப்பூரில் இந்தச் செருகிக்கு நேர்ந்த சோதனைகள் சற்று விசேஷமானவை. முதலாவது பஞ்சு. கட்டிங் பிரிவிலிருந்து எழும் நுண்ணிய இழைகள் கதவை அடைத்தாலும் வரும். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் இருந்த அறையிலேயே விசைகளின் அடியில் மெல்லிய கம்பளம்போல் அவை படிந்திருப்பதைக் காணலாம். செருகாமல் விட்ட துளைக்குள் இழை போய் உட்கார்ந்துவிட்டால் அடுத்த முறை ஊசி அதைத் தள்ளிக்கொண்டே உள்ளே செல்லும். தொடர்பு பாதியாகவே கிடைக்கும். இரண்டாவது ஆயுத பூஜை. வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் அசையாத கணினி அன்றைக்குத்தான் முழுவதுமாகக் கழற்றப்படும். ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் துடைக்கப்படும் அதே கையோடு, அதே பனியன் வேஸ்ட்டால், விசைப்பலகையும் துடைக்கப்படும். சந்தனமும் குங்குமமும் வைக்கப்படும். மரியாதையில் குறைவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும் செருகுகிறவர் கழற்றியவராக இருக்க மாட்டார் என்பதில்தான் சிக்கல். பி.எஸ்./2 செருகி அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கென்று செய்யப்பட்டதும் அல்ல. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. தாய்ப்பலகையில் அதற்கென்றிருக்கும் சிறு ஃபியூஸ் எரிந்துபோகலாம். கெட்ட நேரமாயின் விசைகளைக் கவனிக்கும் சில்லே போய்விடலாம். அப்போது புது விசைப்பலகை வாங்கினாலும் வேலை செய்யாது. ‘இதுவும் டூப்ளிகேட்’ என்று கடைக்காரர் வசை வாங்குவார்.

இந்த ஊர் அலுவலகங்களில் நீண்ட காலம் ஒலித்த விசைப்பலகை டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். கணக்கு எழுதுபவர்கள், பத்திர எழுத்தர்கள், டி.டி.பி. கடைக்காரர்கள் ஆகியோரிடையே நாடு முழுக்க அதற்கு ஒரு மதிப்பிருந்தது, இன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல விசைகள் அதற்குள் இருப்பதால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ‘டிக்’ என்ற ஓசை வரும். டேலி போன்ற மென்பொருளில் மவுஸைத் தொடாமல், எண்களையும் எண்டரையும் ஆல்ட் விசையையும் மட்டுமே கொண்டு நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அந்த ஓசைதான் உறுதிமொழி. பக்கத்தில் அதே நிறுவனத்தின் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி கீச்சிட்டுக்கொண்டிருந்தாலும் விரல் அந்த டிக்கை உணர்ந்துவிடும்.

அந்த நீல விசை ஒன்றின் ஆயுள் ஐந்து கோடி அழுத்தங்கள் என்று அதைச் செய்கிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பிற்காலத்து யூ.எஸ்.பி. செருகிக்குத் தரவரையறை விதிக்கும் ஆயுள் 1500 முறை செருகிக் கழற்றுவது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பழைய விசைப்பலகைகளின் மரணம் எங்கே நிகழ்கிறது என்பது புரிந்துவிடும். விசைகளுக்குச் சாவில்லை, எல்லாம் கழுத்தில்தான்.

கழுத்து எப்படி ஒடிகிறது? ஒயருக்குள் ஒவ்வொரு கம்பியும் மயிரிழை போன்ற பல செப்பு இழைகளின் முறுக்கு. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மடங்கும்போது இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறை முழுதாக இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. கடைசி இரண்டொரு இழைகள் மட்டும் எஞ்சியிருக்கும்போது நோய் வெளிப்படும். நோயறிய ஒரு வழி உண்டு. ஏதேனும் ஓர் எழுத்து மட்டும் வரவில்லை என்றால் பழுது அந்த விசையில். எல்லா எழுத்துகளும் சேர்ந்து நின்றுபோய், வலது மூலையிலுள்ள மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி, மீண்டும் உயிர் வந்தால் பழுது கழுத்தில். மின்சாரம் கணநேரம் அறுந்து திரும்பவே விசைப்பலகை தன்னைப் புதிதாகப் பிறந்ததாகக் கருதிக்கொண்டு கண்ணைச் சிமிட்டுகிறது. பலர் இந்நிலையில் ஒயரை ஒரு கோணத்தில் வளைத்து மேசைக்காலில் டேப் ஒட்டி நிறுத்தி இன்னும் ஆறு மாதம் ஓட்டுவார்கள். அந்த ஆறு மாதத்தில் எஞ்சிய இழையும் போகும்.

போனால் போகட்டும், இருநூறு ரூபாய்க்குப் புதிது வாங்கலாமே என்று கேட்பது நியாயம். நிறைய பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் யூ.எஸ்.பி. துளையே இல்லாத கணினிகள் சில இன்னும் சில மூலைகளில் இருக்கின்றன. அவை ஏன் இருக்கின்றன என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. எம்பிராய்டரி டிசைன்களை வடிவமைக்கப் பயன்பட்ட வில்காம் போன்ற மென்பொருள்கள் ‘டாங்கிள்’ என்ற பூட்டோடு வந்தன. கணினியின் முதுகில் பிரிண்டர் துளையில் அந்தப் பூட்டைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். நம் மொழியின் எழுத்துருத் தொகுப்புகள் சிலவும் இதே முறையில்தான் விற்கப்பட்டன. பத்திரிகைகளும் நூல்களும் ஈய எழுத்துகளிலிருந்து டி.டி.பி.க்கு மாறிய தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களும் அந்த வழியாகத்தான் மாறின. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒன்றில் ‘க’வாக இருப்பது இன்னொன்றில் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்து. 1999-இல் அரசு டாம், டாப் என்ற இரு முறைகளைத் தரப்படுத்தியது. உலகத் தமிழர்களின் மடற்குழுக்களில் டிஸ்கி வழங்கியது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. இந்த வழித்தடத்தில் எத்தனை கதைகள், கட்டுரைகள், பிழை திருத்தப்பட்ட கடைசிப் படிகள் விடுபட்டுப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் தமிழ்க் கணிமையின் முன்னோடியாக இருந்து ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி அடிப்படையில் ஒரு சிறுகதையாசிரியர். 1997-இல் முதல் தமிழிணைய மாநாட்டை அங்கே நடத்தியவர் அவர், 1999-இல் மறைந்துவிட்டார். எழுத்தாளர்களே எழுத்துருவுக்காக அலைந்த காலம் அது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

குறியீட்டு மாற்றம் இன்று பெரிய சிக்கல் அல்ல. சுரதாவின் ‘பொங்கு தமிழ்’ போன்ற மாற்றிகள் பல பழைய எழுத்துருக்களை நொடியில் யூனிகோடாக்கித் தந்தன. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் படிக்கவும் வழியுண்டு. அதற்கான இணைப்பிகள் கிடைக்கின்றன. ஆனால் பக்கம் பக்கமாக வடிவமைக்கப்பட்ட ஓர் இதழின் கோப்பையோ, தையல் தையலாகச் செதுக்கப்பட்ட ஒரு டிசைனையோ உள்ளபடியே பார்க்க வேண்டுமானால் அந்த மென்பொருள், அந்தப் பூட்டு, அந்தக் கணினி என்று எல்லாம் ஓரிடத்தில் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கணினியோ விழித்தவுடன் முதலில் தேடுவது விசைப்பலகையை. இல்லாவிட்டால் ‘விசைப்பலகை இல்லை, தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்’ என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். இல்லாத பலகையில் எஃப் ஒன்றை எங்கே அழுத்துவது என்பது அக்காலக் கணினிக்காரர்களின் புகழ்பெற்ற நகைச்சுவை. பத்து வருட உழைப்பு வன்தட்டில் பத்திரமாக உறங்க, வாசலில் ஒரு வளைந்த ஊசி காவல் நிற்கிற நிலையில் அது அவ்வளவு நகைச்சுவையாக இல்லை.

எனவே, அத்தகைய எந்திரம் ஒன்றை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நாம் நல்லதெனக் கருதும் முதல் ஏற்பாடு மிக எளியது: ஒரு சிறு நீட்டிப்பு ஒயர். ஒருமுனை ஊசி, மறுமுனை துளை. அதை விசைப்பலகையின் செருகியில் மாட்டிவிட்டு அந்த இணைப்பை மறந்துவிட வேண்டும். இனிமேல் கழற்றுவதும் மாட்டுவதும் எல்லாம் நீட்டிப்பின் மறுமுனையில். தேய்வதும் வளைவதும் அதற்கே நேரும். அது போனால் வேறொன்று. மூலச் செருகி நெடுங்காலம் கன்னியாகவே இருக்கும்.

கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் செருகியின் உடலைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவரும் செய்வதில்லை. வளைந்த ஊசியை நிமிர்த்த, லெட் பென்சிலின் காலியான உலோக முனை போதும். ஊசிமேல் அதை நுழைத்து மெல்ல நிமிர்த்தலாம். ஒருமுறை செய்யலாம், இரண்டாம் முறை பித்தளை பெரும்பாலும் ஒடியும். துடைப்பதற்குத் தண்ணீர் வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகை போதும். பஞ்சைத் தவிர்க்கலாம், ஏற்கெனவே வேண்டிய அளவு உள்ளே இருக்கிறது.

எடுத்துவைக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஒயரை விசைப்பலகையைச் சுற்றி இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவது நம் தேசிய வழக்கம். ரப்பர் இரண்டு கோடைகளில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், ஒயரின் பி.வி.சி. உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள சேர்மம் மெல்லக் கசிந்து விசைப்பலகையின் பிளாஸ்டிக்கைத் தின்னும். பல ஆண்டுகள் கழித்துப் பிரித்தால் ஒயர் கிடந்த தடம் வாய்க்கால்போல் பள்ளமாயிருக்கும். ஒயரைத் தளர்வாக, சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமாகச் சுற்றி, பலகைக்கும் அதற்கும் நடுவே ஒரு துணியை வைக்க வேண்டும். துவைத்த பருத்திப் பனியன் துணியைவிட நல்ல துணி இதற்கு இல்லை. திருப்பூரில் அதை யாரும் தேடிப் போகவும் வேண்டாம். செருகியின் முனைக்கு ஒரு சிறு உறையும் தைத்துவிடலாம். கழுத்துக்கு, பழைய பேனாவின் சுருள்வில்லை நீட்டிச் சுற்றினால் ஓரிடத்தில் மடிவது குறையும்.

பழுது உள்ளேயும் இருக்கலாம். பல விசைப்பலகைகளில் ஒயர் நேராகப் பற்றவைக்கப்படாமல், உள்ளே ஒரு வெள்ளை நிறச் சிறு கனெக்டரில் போய்ச் செருகியிருக்கும். நான்கு திருகுகளைக் கழற்றினால் அது தெரியும். அங்கே தளர்ந்திருந்தால் அழுத்திவிட்டாலே போதும். கழுத்து முற்றிலும் அறுந்துவிட்டால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டுப் புதுச் செருகியைச் சால்டர் செய்ய வேண்டியதுதான். பி.எஸ்./2 செருகியின் ஆறு ஊசிகளிடையே ஈயம் வைப்பதற்கு இளம் கண்களும் நடுங்காத கையும் தேவை. அதனால் பலர் வேறொரு செத்த விசைப்பலகையின் ஒயரையே முழுதாக எடுத்துப் பொருத்துகிறார்கள். அப்போது நிறத்தை நம்பக் கூடாது. சிவப்புதான் 5 வோல்ட் என்று எந்தச் சட்டமும் இல்லை. மீட்டர் வைத்து ஊசிக்கு ஊசி பார்த்தே இணைக்க வேண்டும்.

பழைய டின் செருகிக்கு இந்தச் சிரமம் இல்லை. அது இன்னும் சாகவில்லை. 1983-இல் மின்னணு இசைக்கருவிகளைப் பிணைக்க வந்த ‘மிடி’ முறையும் இதே ஐந்து ஊசி வட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது, இன்றளவும் பயன்படுத்துகிறது. கணினிக் கடையில் கேட்டால் இளைஞர்கள் விழிப்பார்கள். இசைக்கருவி விற்கும் கடையிலோ, மின்னணு உதிரிபாகக் கடையிலோ கேட்டால் கிடைக்கும். ஆயத்த மிடி கேபிளாக வாங்கினால் பயன் இல்லை. அதில் பெரும்பாலும் நடுவிலுள்ள மூன்று ஊசிகளுக்கு மட்டும்தான் கம்பி ஓடும். விசைப்பலகைக்கு வேண்டியவற்றில் ஓரத்து ஊசியான கடிகாரக் கம்பி விடுபட்டுப் போகும். செருகியைத் தனியாக வாங்கி, ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்ற ஊசிகளில் பற்றவைத்துக்கொள்ள வேண்டும்.